நீடாமங்கலத்து வேகனும் எண்பத்தேழில் ஒரு பங்கும்

42 வேகன்கள், 2,000 டன் நெல். அறுவடை முடிந்த வாரங்களில் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டச் செய்திப் பக்கங்களைப் புரட்டினால் இந்த இரண்டு எண்களும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தஞ்சாவூரிலிருந்து, நீடாமங்கலத்திலிருந்து, கும்பகோணத்திலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து நெல் அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குக் கூட்ஸ் வண்டியில் புறப்பட்டுப் போகும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைக்கு 40 கிலோ பிடிக்கிறார்கள். அப்படியானால் ஒரு கூட்ஸ் வண்டிக்கு 50,000 மூட்டை. வேகனுக்கு ஏறத்தாழ 1,190. லாரியிலிருந்து வேகனுக்குள் அவ்வளவும் சுமைதூக்கும் தொழிலாளர்களின் தலையிலும் முதுகிலும்தான் போய்ச் சேருகின்றன.

ஒரு வேகனுக்கு 48 டன்னுக்கும் குறைவு. இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். அதே மூடிய வேகனில் அரிசி ஏற்றினால் 60 டன் வரை போகிறதே, நெல்லுக்கு மட்டும் ஏன் இந்தக் குறைவு?

பதில் உமியில் இருக்கிறது. நெல்மணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அது லேசானது, ஆனால் இடத்தை அடைக்கும். கொட்டிவைத்த நெல் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டாது. அரிசி 800 கிலோவை நெருங்கும். மூடிய வேகனின் உள்ளிடம் 100 கன மீட்டருக்குச் சற்று அதிகம். மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையே வெற்றிடம் விழும். கூரைக்கடியில் ஆள் நின்று அடுக்கவும் இடம் விட வேண்டும். நெல் ஏற்றும்போது எடை வரம்பு வருவதற்கு முன்பே இடம் தீர்ந்துபோகிறது. அரிசி ஏற்றினால் இடம் மிஞ்சும், எடைதான் முதலில் தடுக்கும். நெல்லை அரைத்தால் கிடைக்கும் அரிசி நூற்றுக்கு 67, 68 என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. ஆகவே டெல்டாவிலிருந்து நெல்லாகவே புறப்படும் வண்டியில் மூன்றில் ஒரு பங்கு, உமியும் தவிடும்தான் பயணம் செய்கின்றன. அரவை ஆலை எங்கே இருக்கிறது என்ற முடிவு, எத்தனை வேகன் தேவை என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

மாதிரி ரயில் கட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் மேசையிலேயே சந்திக்கிறார்கள். உலகில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு 1:87; ‘எச்ஓ’ என்று பெயர். நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை 216 அடி என்று கொண்டால், எச்ஓ உலகில் அதன் உயரம் இரண்டரை அடி. நீளம், அகலம், உயரம் வரை இந்த வகுத்தல் சொன்னபடி கேட்கும். எடைக்கு வந்தவுடன் கதை மாறிவிடும்.

இந்திய ரயில்வேயில் நெல், அரிசி, உரம், சிமென்ட் ஆகியவற்றுக்கு நெடுங்காலம் உழைத்த மூடிய வேகன் ‘பிசிஎன்’. முதல் எழுத்து போகியைக் குறிக்கிறது. வேகனின் இரு முனைகளிலும் நான்கு சக்கரங்கள் கொண்ட தனிச் சட்டங்கள் உண்டு. அடுத்தது மூடியது என்பதையும், கடைசி எழுத்து காற்றழுத்தப் பிரேக்கையும் காட்டும். அந்தக் கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. பழைய வேகன்களில் இருந்தது வெற்றிடப் பிரேக். குழாயிலிருந்து காற்றை எவ்வளவுதான் உறிஞ்சினாலும், வெளிக் காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு துளி விசையும் அதில் கிடைக்காது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் அது நின்றுவிடும். காற்றழுத்தப் பிரேக்கின் குழாயில் இருப்பது ஐந்து கிலோ அழுத்தம். நீளமான, கனமான வண்டிகளை நம்பி ஓட்ட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைப்பான்களையும் சேர்த்து அளந்தால் ஒரு பிசிஎன் 15.43 மீட்டர் நீளம். வெறும் வேகனின் எடை 27.2 டன். ஓர் அச்சுக்கு 20.32 டன் என்ற கணக்கில் நான்கு அச்சுகளுக்கும் சேர்த்து 81.28 டன் வரை தாங்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. பாதைகள் பலப்பட்ட பிறகு பல தடங்களில் வரம்பு உயர்த்தப்பட்டது. எச்ஓ அளவில் இதன் நீளம் 17.7 சென்டிமீட்டர். எடையை 87ஆல் வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது கன அளவும் எடையும் 87ஐ மூன்று முறை பெருக்கிய எண்ணால், அதாவது 6,58,503ஆல், சுருங்குகின்றன. முழுச் சுமையோடு 81.28 டன் இருந்த வேகன் மாதிரியில் 123 கிராம். நெல் மட்டும் ஏற்றியது 114 கிராம். காலி வேகன் 41 கிராம்தான்.

அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்ஓ வேகன் எவ்வளவு எடை இருந்தால் தடம் புரளாமல் ஓடும் என்று ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. ஆரம்ப எடையாக ஓர் அவுன்ஸ், அதன் மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பிசிஎன் ஏழு அங்குலம். கணக்குப்படி நான்கரை அவுன்ஸ், 128 கிராம். முழுச் சுமை ஏற்றிய நிஜ வேகனைக் கணிதம் சுருக்கித் தந்தது 123 கிராம். மேசை மேல் ஓட்டிப் பார்த்த அனுபவம் சொல்வது 128. இந்தப் பொருத்தத்தில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. அமெரிக்கச் சங்கத்தின் விதி தஞ்சாவூர் நெல்லை நினைத்து எழுதப்பட்டதல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: மாதிரி வேகன் எப்போதும் முழுச் சுமையோடு இருப்பதுபோல் எடை காட்டினால்தான் ஒழுங்காக ஓடும். 41 கிராம் காலி வேகனை நீளமான வண்டியின் நடுவில் கோத்து வளைவில் இழுத்தால், முன்னிருந்து இழுக்கும் விசை அதை வளைவின் உட்புறமாகப் பிடுங்கிக் கவிழ்க்கும். நிஜ ரயில் பாதையிலும் இதே இயற்பியல்தான். சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விழும் விசைக்கும், அதைத் தண்டவாளத்தோடு அழுத்தி வைக்கும் எடைக்கும் உள்ள விகிதம் ஓர் அளவைத் தாண்டினால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். காலி வேகனில் அந்த எடை குறைவு. கனமான வேகன்களுக்கு நடுவே காலி வேகன்களைக் கோப்பதில் ரயில் பொறியாளர்கள் கவனமாக இருப்பது அதனால்தான்.

ஆற்றலுக்கு வந்தால் இன்னும் வியப்பு. 42 வேகன்களும் அவற்றில் 2,000 டன் நெல்லும், இஞ்சினைச் சேர்க்காமல், மொத்தம் சுமார் 3,140 டன். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 68 கோடி ஜூல். ஏற்றியிருக்கும் நெல் முழுவதையும் பெரிய கோயில் விமானத்தின் பாதி உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும். வண்டியை நிறுத்துவது என்றால் இவ்வளவையும் பிரேக் கட்டைகள் வெப்பமாக்கிக் காற்றில் விட வேண்டும். இதே வண்டி எச்ஓ அளவில் நொடிக்கு 24 சென்டிமீட்டர் நகரும். நிறை 87இன் மூன்றாம் அடுக்கால் சுருங்கியது. வேகம் 87இல் ஒரு பங்கு, ஆற்றல் கணக்கில் அது இருமுறை பெருக்கப்படும். ஆக மொத்தம் ஐந்தாம் அடுக்கு, கிட்டத்தட்ட 500 கோடி. மிஞ்சுவது 0.14 ஜூல்: 14 கிராம் பொருளை ஒரு மீட்டர் தூக்கும் அளவு. மின்சாரத்தை நிறுத்திய கணமே மாதிரி வண்டி சட்டென்று நின்றுவிடுவதன் காரணம் இதுதான். நிஜக் கூட்ஸ் வண்டி மெல்ல மெல்ல வேகம் இழந்து வரும் அந்த அழகைக் கொண்டுவர, மாதிரி இஞ்சின்களுக்குள் பித்தளைச் சுழல்சக்கரம் வைக்கிறார்கள். மின்னணுக் கட்டுப்பாட்டில் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சுருக்கும்போது தொலைந்த உந்தத்தை வேறு வழியில் திருப்பித் தர எடுக்கும் முயற்சி அது.

தண்டவாளத்தின் அகலம் தனிக் கதை. எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்தால் அதுதான் கிடைக்கும். இந்திய அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். சரியாகச் சுருக்கினால் 19.3 வர வேண்டும். கடையில் விற்கும் தண்டவாளத்தில் இந்திய வேகனை ஓட்டுபவர் மூன்று மில்லிமீட்டர் சமரசம் செய்துகொள்கிறார். வேகன் கால்களை ஒடுக்கி நிற்பதுபோல் தெரியும். பிடிவாதக்காரர்கள் 19.3 மில்லிமீட்டர் தண்டவாளத்தைக் கையாலேயே கட்டுகிறார்கள். அந்தப் பிடிவாதம் மதிக்கத்தக்கது. அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் டெல்டா ரயிலின் வரலாறு இருக்கிறது.

அந்த வரலாறு நாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகையைத் தலைமையிடமாகக் கொண்டு 1861இல் தஞ்சாவூர் நோக்கிப் பாதை போட்டது. 1862இல் அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. அப்போது அது அகலப்பாதை. 1870இல் வைஸ்ராய் மேயோவின் அரசு, போக்குவரத்து குறைந்த பகுதிகளுக்குச் செலவு குறைந்த மீட்டர் கேஜ் போதும் என்று முடிவெடுத்தது. 1874இல் அந்த நிறுவனம் கர்நாடிக் ரயில்வேயோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அடுத்த ஆண்டே நாகை–திருச்சி அகலப்பாதை பெயர்க்கப்பட்டு மீட்டர் கேஜாகச் சுருங்கியது. ஒருமுறை அகலமாகப் போட்டு, குறுக்கி, மறுபடி அகலமாக்கிய பாதை இது. தஞ்சாவூர்–திருவாரூர் 2006இலும், விழுப்புரம்–மயிலாடுதுறை 2010இலும்தான் அகலப்பாதையாக மாறின. திருவாரூர்–காரைக்குடி தடத்துக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே டெல்டாவின் ஒரு நிலையத்தை மாதிரியாகக் கட்ட நினைப்பவர் முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1950 என்றால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம், நான்கு சக்கரச் சிறு வேகன்கள், நீராவி இஞ்சின். 2015 என்றால் 19.3 மில்லிமீட்டர், பிசிஎன், டீசல் இஞ்சின். ஊர் அதே ஊர். வயல் அதே வயல்.

பாதை மட்டுமா மாறியது? சரக்கு போன திசையும் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை அரிசி கிழக்கே போனது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி இலங்கைக்குப் போனது. அங்கே தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் சோற்றுக்கும் இந்தக் கரையிலிருந்து அரிசி போனது. இன்று நெல் மேற்கே, தெற்கே, வடக்கே போகிறது. கடற்கரையிலிருந்து எதிர்த்திசையில் வருவது நிலக்கரி. 2009இல் செயல்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்தில் இறக்கப்படும் கரி, மேல்மூடி இல்லாத வேகன்களில் உள்நாட்டுக்குப் போகிறது. கரிக்குக் கூரை தேவையில்லை, நனைந்தாலும் எரியும். நெல் நனைந்தால் முளைவிடும். ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்துப் போகும் இரண்டு வண்டிகளின் வடிவ வேறுபாட்டுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

நெல் வண்டிக்கு நிலமும் உதவுகிறது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ரயில் வழியில் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொலைவில் தரை இறங்குவது 50 மீட்டர் அளவுதான். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். வெண்ணாறும் வெட்டாறும் அவற்றின் கிளை வாய்க்கால்களும் அவசரமில்லாமல் வயலுக்கு வயல் பாய்வது இந்தச் சரிவால்தான். சமதளத்தில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள, டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ விசை போதும். லாரியின் ரப்பர் டயருக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். 3,140 டன் வண்டியை உருட்டிக்கொண்டே இருக்க ஐந்தாறு டன் இழுவிசை. கடற்கரை மட்டத்திலிருந்து தஞ்சாவூரை நோக்கி ஏறும்போது சரிவு இன்னும் ஓர் இரண்டு டன்னைச் சேர்க்கும், அவ்வளவே. நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் இருக்கும் மலைப்பாதையில் இதே வண்டிக்கு ஏற்றத்துக்காக மட்டும் 31 டன் கூடுதலாகத் தேவைப்படும்.

மாதிரி ரயில்காரர்கள் பலர் மலையையும் குகையையும் விரும்பிக் கட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ரயிலின் உண்மையான சாமர்த்தியத்தைக் காட்டுவது தட்டையான நிலம்தான் என்று தோன்றுகிறது. அங்கே ஒரே ஓர் இஞ்சின், 42 வேகன்களை அலட்டிக்கொள்ளாமல் இழுத்துப் போகும்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஃப்ராங்க் எலிசன் என்பவர் கட்டிய மாதிரி ரயில் 1940களில் பெரும்புகழ் பெற்றது. மிசிசிப்பி ஆற்றின் கழிமுக நகரத்துக்காரர். தன் ரயிலுக்கு ‘டெல்டா லைன்ஸ்’ என்றே பெயர் வைத்தார். அவர் தன் அமைப்பை ஒரு நாடக மேடையாகப் பார்த்தார். ஊரும் மரமும் திரைச்சீலை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை நாடகப் பிரதி. வட்டத்தில் சும்மா சுற்றும் வண்டி அவரை ஈர்க்கவில்லை. இந்த வேகனில் என்ன இருக்கிறது, யார் அனுப்பியது, எங்கே இறக்க வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் ஒவ்வொரு அசைவுக்கும் அர்த்தம் வரும் என்று எழுதியும் ஓட்டியும் காட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு மாதிரி வேகனுக்கும் ஓர் அட்டை போட்டு, சரக்கு, புறப்படும் இடம், சேரும் இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்து ஓட்டும் முறையை வளர்த்தார்கள்.

காவிரி டெல்டாவை இப்படி ஓட்டிப் பார்த்தால் நாடகப் பிரதியைக் காவிரியே எழுதும். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பார்கள். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே வேளையில் வந்து நிற்கும். நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17க்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. மழை பெய்த சில ஆண்டுகளில் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். விதியின் பின்னால் உயிரியல் இருக்கிறது. நெல்மணி உயிருள்ள விதை, அது சுவாசிக்கும். ஈரம் கூடக் கூடச் சுவாசம் கூடும், வெப்பம் பிறக்கும். பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் அதுதான். மூட்டைகள் திறந்தவெளிக் கிடங்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு. அந்த வாரங்களில் ஒரு காலி ரேக், அதாவது காலி வேகன்களின் முழு வரிசை, வந்து சேர்வது விவசாயிக்கும் கொள்முதல் நிலைய ஊழியருக்கும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். சம்பா, தாளடி அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது நெருக்கடி இன்னும் அதிகம். மற்ற மாதங்களில் அதே கூட்ஸ் ஷெட்டுக்கு உரமும் சிமென்ட்டும் வரும்.

இவ்வளவு நெல்லும் மூட்டையாகத்தான் போக வேண்டுமா? அமெரிக்கச் சமவெளியில் தானியத்தை மேலே கொட்டி, கீழே திறந்து இறக்கும் வேகன்கள் உண்டு. மாதிரி உலகிலும் மிக அதிகமாகச் செய்யப்படும் வேகன்களில் அது ஒன்று. இந்தியாவிலும் பஞ்சாபின் மோகா, அரியானாவின் கைத்தல் ஆகிய ஊர்களின் சைலோக்களிலிருந்து சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்குக் கோதுமை இப்படிச் சாக்கு இல்லாமல் வருகிறது. நெல்லுக்கு இது எளிதல்ல. கரகரப்பான உமி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கோதுமை போல வழுக்கி இறங்காது. பல நூறு சிறு கொள்முதல் நிலையங்களில் சேர்த்த நெல்லுக்கு, இருபுறமும் கதவு வைத்த மூடிய வேகனும் மூட்டையும் இன்னும் பொருந்தி வருகின்றன. அதன் விலையைத் தொழிலாளியின் முதுகு கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பிசிஎன்னுக்கு அடுத்து வந்த பிசிஎன்எச்எல் வேகன் இந்த முதுகுவலியைத் தீர்க்கவில்லை. வேறொரு கணக்கைத் தீர்த்தது. நீளம் 10.96 மீட்டராகக் குறைந்தது, அகலம் 3.2 மீட்டரிலிருந்து 3.45 ஆனது. துருப்பிடிக்காத எஃகால் செய்ததால் வெறும் வேகனின் எடை 20.8 டன்தான், முழுச் சுமையோடு 91.6 டன் வரை போகலாம். 58 வேகன்கள் சேர்ந்தால் ஒரு வண்டி, 636 மீட்டர். 42 பிசிஎன் சேர்ந்தால் 648 மீட்டர். இரண்டு வண்டிகளும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பது தற்செயல் அல்ல. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் லூப் லைனுக்குள் வண்டி முழுவதும் அடங்க வேண்டும். அந்த நீளத்துக்குள் எவ்வளவு அதிகம் ஏற்றலாம் என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் கொடுத்த விடைதான் இந்தக் குட்டையான, அகலமான வேகன்.

வண்டி முழுவதும் நிற்கும் அளவுக்கு எல்லாக் கூட்ஸ் ஷெட்டிலும் மேடை கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் ரேக்கைப் பாதியாகப் பிரித்து, 21 வேகன்களை ஏற்றி முடித்த பின் அடுத்த பாதியைத் தள்ளி நிறுத்த வேண்டும். நிலையத்தை ஒட்டியே நெடுஞ்சாலை கடந்தால் ஒவ்வொரு ஷண்டிங்குக்கும் கேட் அடைபடும். தஞ்சாவூர்–நாகை சாலையில் போகிறவர்கள் நீடாமங்கலம் கேட்டில் நின்ற நேரத்தை எளிதில் மறப்பதில்லை.

வீட்டில் மாதிரி ரயில் கட்டுபவருக்கு, ரேக்கை இப்படிப் பாதியாகப் பிரிப்பது பெரிய வரம். 42 பிசிஎன் கொண்ட முழு வண்டிக்கு எச்ஓ அளவில் 7.4 மீட்டர் நேர்பாதை வேண்டும். இந்திய அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதைச் சுருக்கினாலும் இரண்டு மீட்டர் வரும், எதிர்த்திசையில் திரும்பவே நான்கு மீட்டர் அகல அறை கேட்கும். அரை ரேக் என்றால் 3.7 மீட்டர் போதும். ஒரு சுவரை ஒட்டிய குறுகிய பலகையில் நீடாமங்கலம் அடங்கிவிடும்: மூன்று தடங்கள், ஒரு மேடை, லாரிகள் வரிசை, ஒரு கேட். பலகையின் ஒரு முனையில் திரைக்குப் பின்னால் மறைவாக ஒரு தடம் இருந்தால் அது தஞ்சாவூர்ப் பக்கம். மறுமுனையில் இன்னொன்று திருவாரூர்ப் பக்கம். காலி வேகன்கள் ஒரு முனையிலிருந்து வரும். முதல் 21 மேடையில் நிற்கும். மீதி 21 மறைவுத் தடத்தில் காத்திருக்கும். சென்டிமீட்டர் நீளமுள்ள மூட்டைகளைச் செய்து அடுக்கும் பொறுமை இருப்பவர்கள், வேகனுக்கு 1,190 வீதம் எண்ணிக்கொள்ளலாம்.